இந்தக் காட் காணுமா?

போன கிழமை இரவு பதினொரு மணிக்குச் சின்னம்மாவின் மகன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ஏதோ ஒரு கடையின் கண்ணாடி அலுமாரி, உள்ளே திறந்தபடி ஒரு லப்டொப், பக்கத்தில் விலை எழுதின மஞ்சள் மட்டை. கீழே ஒரே ஒரு வரி: "அக்கா, ஆர்டிஎக்ஸ் 3050. கேம் விளையாட இந்தக் காட் காணுமா?"

"காணும்" என்று போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு நித்திரை வரவில்லை.

அதே காட் போட்ட லப்டொப்தான் என் மேசையிலும் இருக்கிறது. அதை வாங்க முதல் அதே கேள்வியை நானும் கண்டவர் நிண்டவர் எல்லாரிடமும் கேட்டுத் திரிந்தேன். எல்லாரும் எனக்குச் சொன்னதும் "காணும்"தான். ஒருத்தராவது "என்னத்துக்குக் காணும்?" என்று திருப்பிக் கேட்டிருந்தால் நான் முழிசியிருப்பேன். இப்போது தம்பிக்கு நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

ஒன்றரை வருசத்துக்கு முந்தின கதை இது. அப்போது நான் கலைப்பீடத்தில் இரண்டாம் வருசம். பழைய லப்டொப்பின் மூடி கழன்று, ஸ்கிரீனை ரெண்டு தடித்த புத்தகத்தில் சாத்தி வைத்துத்தான் அசைன்மென்ட் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் அம்மாவுக்குச் சீட்டு விழுந்தது. பரந்தனில் எங்கட வீட்டு விறாந்தையில் ஒரு தையல் மெஷின் இருக்கிறது. வீட்டுக்கு வருகிற காசில் முக்கால்வாசி அதிலிருந்துதான் வருகிறது. அப்பா லொறி ஓடினவர். நாரி நோ வந்த பிறகு ஓடுறதில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்குப் போனேன். துணைக்குப் பெரியம்மாவின் மகன் அண்ணா வந்தார். கடைக்காரர் ரெண்டு லப்டொப்பை எடுத்து வைத்தார். ஒன்று சாதாரணமானது, 125,000 ரூபா. மற்றது பாவிச்சது, ஆனால் ஆர்டிஎக்ஸ் 3050 போட்டது, 185,000 ரூபா. கேள்வி கேட்டது முழுக்க நான். அவர் பதில் சொன்னது முழுக்க அண்ணாவைப் பார்த்து.

"தங்கச்சி என்ன படிக்கிறா?"

"ஆர்ட்ஸ்."

"அப்ப உது என்னத்துக்கு? வேர்ட் அடிக்கத்தானே. இது காணும்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பெடியன் ஒருத்தன் வந்து நின்றிருந்தால் இப்படிக் கேட்டிருப்பாரா? அந்த இடத்திலேயே அம்மாவுக்கு அடித்தேன். "அம்மா, மற்றதுதான் நல்லது. டெசர்ட்டேசன் செய்யேக்க தேவைப்படும்."

"உது படிப்புக்குத்தானே பிள்ளை?"

"ஓம் அம்மா."

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. டெசர்ட்டேசனை அதில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் பாமினியில் கிடந்ததை யுனிகோட்டுக்கு மாற்ற ஆர்டிஎக்ஸ் 3050 தேவையில்லை என்பது எனக்கு அண்டைக்கே தெரியும். நான் விளையாட ஆசைப்பட்டேன். அதை நேரே சொல்ல வெட்கமாக இருந்தது. கம்பஸ் பிள்ளை, அதுவும் பொம்பிளைப் பிள்ளை, சீட்டுக் காசில் கேம் விளையாடுறதா?

*

சரி, காட்டுக்கு வருவோம்.

ஆர்டிஎக்ஸ் 3050 லப்டொப்புக்கு 2021இல் வந்தது. என்னுடையதில் இருப்பது 4 ஜிபி நினைவகம் உள்ள வகை. இதுக்குக் கீழே ஜிடிஎக்ஸ் 1650 இருக்கிறது, அது 2019இல் வந்தது, அதுக்கும் 4 ஜிபிதான். மேலே 3060, 4060 என்று போகும். நடுத்தரம் என்று கடைகளில் சொல்வது அநேகமாக இந்த 1650, 3050 பக்கத்தைத்தான்.

வாங்கின முதல் நாள் இரவே எனக்கு நெஞ்சு இடிந்தது. கேம் இழுத்து இழுத்து ஓடியது. ஏமாந்துவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, இப்படியான லப்டொப்பில் ரெண்டு கிராபிக்ஸ் இருக்கிறது. ஒன்று புரொசசரோடு ஒட்டி வருகிற சின்னச் சிப். மற்றது இந்தக் காட். கேம் சின்னச் சிப்பில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. விண்டோஸின் கிராபிக்ஸ் செற்றிங்குக்குள் போய் அந்தக் கேமுக்கு 'ஹை பெர்போமன்ஸ்' என்று மாற்றினதும் சரி வந்தது. பாவிச்ச லப்டொப் வாங்குகிறவர்கள் கடைக்காரரோடு சண்டைக்குப் போக முதல் இதை ஒருக்கால் பாருங்கள்.

ரெண்டாவதாக விளங்கினது வொட் கணக்கு. அறிவியல்நகரில் இஞ்சினியரிங் படிக்கிற என் சிநேகிதியிடமும் 3050தான். அதே கேம், அதே செற்றிங், ஆனால் அவளுக்கு என்னைவிடப் பத்துப் பதினைந்து பிரேம் கூட வருகிறது. காரணம் காட்டின் பெயரில் இல்லை, அதுக்குக் குடுக்கிற மின்சாரத்தில் இருக்கிறது. 3050ஐ 35 வொட்டிலிருந்து 80 வொட் வரைக்கும் எப்படியும் போடலாம் என்று என்விடியாவே விட்டிருக்கிறது. மெல்லிய லப்டொப்பில் கொஞ்சமாகக் குடுப்பார்கள், தடித்ததில் கூடக் குடுப்பார்கள். கடையில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் ரெண்டுக்கும் பெயர் ஒன்றுதான். என்விடியா கொன்ட்ரோல் பனலில் சிஸ்டம் இன்பர்மேசன் என்று ஒரு இடம் இருக்கிறது, அதைத் திறந்தால் உங்களுடையது எத்தனை வொட் என்று பார்க்கலாம். கடையிலேயே திறந்து பாருங்கள். என்னுடையது 60.

மூன்றாவது அந்த 4 ஜிபி. கேமில் சுவர், மண், முகம் எல்லாத்தின் படமும் இந்த நினைவகத்துக்குள்தான் போய் இருக்க வேண்டும். பழைய கேமுக்கு இது தாராளம். புதுசுகளுக்கு வரவர இறுக்கம். 2023இல் வந்த அலன் வேக் 2 ஆகக் குறைந்ததே 6 ஜிபி கேட்கிறது. 2024 கடைசியில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் 8 ஜிபி கேட்கிறது. புதுசு புதுசாக வாறதை வந்த கையோடு விளையாட வேணும் எண்டு நினைக்கிற ஆளுக்கு இந்தக் காட் இப்பவே வயசு போனது.

ஆனால் நாங்கள் அப்படியா விளையாடுறம்? எனக்குத் தெரிந்த பெடியன்கள் பாதிப்பேர் விளையாடுவது வலோரன்ட். அதை நொடிக்கு 60 பிரேமில் ஓட்ட அதன் கொம்பனி கேட்பது ஜிடி 730. அது 2014இல் வந்த காட். 144 பிரேமுக்கே 1050 டிஐ போதும் என்கிறார்கள். அந்தக் கணக்கில் 3050 ஆடம்பரம். ஸ்கிரீன் 60 ஹேர்ட்ஸ் என்றால் 60க்கு மேல் வருகிற பிரேமைக் கண்ணால் காணவும் முடியாது. சர்வர் இருப்பதோ மும்பையிலும் சிங்கப்பூரிலும். இரவு எட்டு மணிக்கு எங்கட பக்கத்து இன்டர்நெட் படுத்துவிட்டால் எந்தக் காட்டும் காப்பாத்தாது. "காட் சரியில்லை மச்சான்" என்று சொல்கிறவர்களில் கனபேருக்குச் சரியில்லாதது லைன்தான்.

விற்கிறவர் சொல்லாத வேறு சிலதும் இருக்கிறது. என்னுடைய லப்டொப் சார்ஜரோடு சேர்த்து மூன்று கிலோ வரும். சார்ஜர் ஒரு செங்கல். பற்றரி வேர்ட் அடித்தாலே மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நிற்காது, அதனால் லெக்சர் ஹோலில் நான் முதல் தேடுவது வாத்தியாரை இல்லை, பிளக்கை. பற்றரியில் கேம் போட்டால் காட் தன்னைத்தானே குறைத்துக்கொள்ளும், 60 பிரேம் 30க்கு விழும். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் நின்ற காலத்தில் இது என்னிடம் இருந்திருந்தால் வெறும் பாரமாகத்தான் இருந்திருக்கும். சித்திரை வெயிலில் போர்டிங் அறையில் விளையாடினால் விசிறி கத்துகிற சத்தத்தில் வீட்டுக்கார அன்ரி வந்து கதவைத் தட்டுவா. "பிள்ளை, உதுக்கு எவ்வளவு கரண்ட் இழுக்கும்?" என்று ரெண்டு தரம் கேட்டிருக்கிறா. இப்போது பிரேமை 60க்கு மேல் போகாமல் கட்டி வைத்திருக்கிறேன். சூடும் குறைவு, சத்தமும் குறைவு, அன்ரியும் வாறதில்லை.

*

தம்பிக்குக் "காணும்" என்று போட்ட அந்த இரவு எழும்பி உட்கார்ந்து ஒரு கணக்குப் பார்த்தேன். எந்தக் கேமை எவ்வளவு நேரம் விளையாடினோம் என்று ஸ்டீம் காட்டும். ஒன்றரை வருசத்தில் மொத்தம் 410 மணித்தியாலம். கிழமைக்கு ஐந்து மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. பொழுதுபோக்குக்கு விளையாடுகிறவள் என்றால் இவ்வளவுதான் வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதைப் பிரித்துப் பார்த்தேன். யூரோ ட்ரக் சிமுலேட்டர் 190. ஸ்டார்டியூ வலி 70. ஜிடிஏ 5க்கு 80. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2க்கு 70.

பிறகு ஒரு வேலை செய்தேன், செய்யாமல் விட்டிருக்கலாம். நாலு கேமையும் அந்த முதல் நாள் மாதிரிச் சின்னச் சிப்புக்கு மாற்றி ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். ஸ்டார்டியூ வலியில் ஒரு வித்தியாசமும் இல்லை. அது தனி ஒரு ஆள் செய்த, கத்தரிக்காயும் பூசணியும் நடுகிற கேம், அதுக்குக் காட் எதுக்கு? ட்ரக், செற்றிங்கைக் குறைத்ததும் முப்பத்தைந்து நாற்பது பிரேமில் ஓடியது. ஜிடிஏ 5 கணினிக்கு வந்ததே 2015இல். ஸ்கிரீனை 720க்கு இறக்கி எல்லாத்தையும் குறைத்ததும் அதுவும் ஓடியது. வடிவில்லை, ஆனால் விளையாடலாம். ரெட் டெட் மட்டும் படம் படமாக நின்றது. குதிரை ஒரு கால் தூக்கினால் மற்றக் கால் வைக்க முதல் தேத்தண்ணி போட்டு வரலாம்.

ஆக, இந்தக் காட் இல்லாவிட்டால் நான் விளையாடியே இருக்க முடியாத கேம் ஒன்றுதான். 70 மணித்தியாலம்.

ரெண்டு லப்டொப்புக்கும் இடையில் 60,000 ரூபா வித்தியாசம். அம்மா ஒரு சாறிச் சட்டை தைக்க 800 ரூபா வாங்குகிறா. 60,000 என்றால் 75 சட்டை. 70 மணித்தியாலத்துக்கு 75 சட்டை. நான் குதிரையில் போன ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் அம்மா ஒரு சட்டையும் இன்னொன்றில் கொஞ்சமும் தைத்திருக்கிறா.

இந்தக் கணக்கு நியாயமில்லை என்றும் எனக்கே தோன்றுகிறது. குறைத்த செற்றிங்கில் விளையாடுவதும் நல்ல செற்றிங்கில் விளையாடுவதும் ஒன்றில்லை. லொஸ் சாந்தோசில் பின்னேரம் கடற்கரையில் வெளிச்சம் விழுவதைப் பார்க்கத்தான் பாதி நேரம் நான் ஜிடிஏ விளையாடினது. ரெட் டெட்டை இரவு டேட்டாவில் ஒன்பது இரவு இறக்கினேன், டிஸ்கில் 150 ஜிபி இடம் கேட்கிற சாமான். செற்றிங்கை நடுவில் வைத்து டிஎல்எஸ்எஸ்ஸைப் போட்டால் 50 பிரேம் வரும். அது படத்தைச் சின்னதாகக் கீறிவிட்டுப் பெருப்பிக்கிற ஒரு வித்தை, ஆர்டிஎக்ஸ் காட்களில் மட்டும்தான் வேலை செய்யும், 1650இல் இல்லை. பரீட்சை முடிந்த கிழமை மழைக்குள் அந்தக் குதிரையில் எங்கேயும் போக வேண்டிய அவசரம் இல்லாமல் போய்க்கொண்டே இருந்தேன். அந்த 70 மணித்தியாலத்தைத் திருப்பித் தா என்றால் தர மாட்டேன்.

ஆனால் தர மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிற மாதிரி, அது எவ்வளவு என்று அறிய அம்மாவுக்கும் உரிமை இருந்தது.

*

ட்ரக் 190 மணித்தியாலம் ஏறினதுக்குக் காரணம் அப்பா.

போன லீவுக்கு வீட்டை போனபோது விறாந்தையில் இருந்து விளையாடிக்கொண்டிருந்தேன். அப்பா பின்னால் கதிரையைக் கொண்டுவந்து போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு தொடங்கினார்.

"இறக்கத்தில பிரேக்கில காலை வச்சுக்கொண்டே போறாய். கியரைக் குறை. லோட்டோட வாற வாகனம், பிரேக் சூடாகி விட்டிடும்."

குறைத்தேன்.

"இது எங்க?"

"ஜெர்மனி அப்பா. இப்ப போலந்துக்குள்ள போகப் போறன்."

வீதியோரம் ஒரு பலகை வந்தது, போனது. நாடு மாறிவிட்டது. அப்பா கொஞ்சம் முன்னுக்குக் குனிந்தார்.

"செக்பொயின்ற் ஒண்டும் இல்லையே?"

"இல்லை."

"சாமான் இறக்கிக் காட்டத் தேவையில்லையே?"

"இல்லையப்பா."

ஏ9 வீதியில் ஓமந்தையில் வெங்காய மூட்டை முழுக்க இறக்கிக் காட்டி, திருப்பி ஏற்றி, அதுக்குள் பொழுதுபட்டுவிடும் என்று அப்பா முந்தியும் சொல்லியிருக்கிறார். அண்டைக்கு அதைச் சொல்லவில்லை. "நல்ல ரோட்டு" என்று மட்டும் சொன்னார். அந்த லீவு முழுக்க ஒவ்வொரு பின்னேரமும் கதிரை வந்தது. நாரி நோ கூடின நாட்களிலும் வந்தது. லோட் எது எடுப்பது, எங்கே நித்திரை கொள்வது, எல்லாம் அவர் சொல்ல நான் ஓடினேன்.

இந்தக் கேம் 2012இல் வந்தது. சாதாரண லப்டொப்பிலும் ஓடியிருக்கும். கடைக்காரர் அண்ணாவைப் பார்த்துச் சொன்ன "இது காணும்" சரியாகத்தான் இருந்திருக்கிறது. அவர் சொன்ன காரணம் பிழை, சொன்ன விதம் பிழை. ஆனாலும் விடை சரி. அந்த ஆளுக்கு எதிராக 60,000 ரூபாவை வைத்து நான் வாக்குவாதப்பட்டிருக்கிறேன், அந்தக் காசு என்னுடையதும் இல்லை.

அந்தப் பின்னேரங்களில் ஒரு நாள் அம்மா மெஷினில் இருந்தபடியே கேட்டா. "அப்ப உதுதான் படிப்போ?"

"இல்லை அம்மா. விளையாடத்தான் வாங்கினனான்."

மெஷின் நிற்கவில்லை. "தெரியும்" என்றா. கொஞ்சம் பொறுத்து, "கேட்டிருந்தா வேண்டித் தந்திருப்பன்" என்றா. தந்திருப்பாவோ தெரியாது. நான் கேட்டிருக்கலாம் என்பது மட்டும் தெரியும். 75 சட்டைக் கணக்கை இன்னும் அவவுக்குச் சொல்லவில்லை. இதை எழுதி முடித்த பிறகு வாசித்துக் காட்டுவதாக இருக்கிறேன்.

*

அடுத்த நாள் காலமை தம்பிக்கு மிச்சப் பாதியை எழுதினேன். என்ன விளையாடப் போறாய், பெயரோட சொல்லு. கிழமைக்கு எத்தனை மணித்தியாலம்? ஓன்லைன் எண்டா முதல் லைனைப் பார். லப்டொப்பைக் கிளாசுக்குக் காவப் போறியா, வீட்டை வைக்கப் போறியா? கடையில எத்தனை வொட் எண்டு பார், ரம் ஒண்டா ரெண்டா எண்டு பார், அரை மணித்தியாலம் கேமைப் போட்டு விசிறிச் சத்தத்தைக் கேள். கடைசியா, காசு ஆருடையது? அவையிட்ட விளையாடத்தான் எண்டு சொல்லிட்டியா?

பின்னேரம்தான் பதில் வந்தது. வலோரன்டும் ஜிடிஏயும்தான். காசு, கடையில் லீவுக்கு வேலை செய்து சேர்த்தது, மிச்சம் சின்னம்மா போடுவா.

"அப்ப உனக்கு 1650 காணும்" என்று எழுதினேன். "பாவிச்சது நல்லதாப் பாத்து எடு. மிச்சக் காசைச் சின்னம்மாட்டைத் திருப்பிக் குடு, இல்லாட்டி ரம் ஒண்டு கூடப் போடு."

ரெண்டு நீலச் சரி விழுந்தது. பத்து நிமிசம் கழித்து இன்னொரு படம். அதே அலுமாரி, அதுக்கு மேல் தட்டு.

"அக்கா, இது 4060. கொஞ்சம்தான் கூட. சின்ன வித்தியாசத்துக்கு ஏன் குறைச்சு எடுப்பான்?"

சின்னம்மா சந்தையில் மரக்கறி விற்கிறவ. அந்தக் கொஞ்சம் எத்தனை கிலோ கத்தரிக்காய் என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.